உடைந்த ழ

பூங்கோட்டகம்,
9.9.2024

சேரனுக்கு அண்ணி எழுதுவது.

போனில் பேசினால் இரண்டு வார்த்தையில் என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். வாட்ஸ்அப்பில் போட்டால் சாயங்காலத்துக்குள் பங்காளி வீடு முழுக்கச் சுற்றி வந்துவிடும். அதனால்தான் தபால். கோபம் ஆறாமல் உன் கைக்கு வந்து சேர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு பேனர் வைத்திருக்கிறார்கள். "வயலோரம் வாழலாம், வாங்க!" என்று ஆள் உயர எழுத்து. பச்சை வயல், நடுவில் மாடி வீடு, வாசலில் எந்த ஊர்ப் பிள்ளைகளோ சிரிக்கின்றன. மூலையில் உன் பெரியப்பா மகன் ரெத்தினம் அத்தான் கும்பிட்டபடி நிற்கிறார். மனை விற்கிறாராம். விற்கட்டும். ஆனால் அந்த எழுத்து யாருடையது, சேரன்? என்னுடையது.

போன பொங்கலுக்கு நீ பெங்களூரிலிருந்து வந்தபோது, அங்கன்வாடிச் சுவரில் நான் பிரஷ்ஷால் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, "அண்ணி, உங்க எழுத்து பிள்ளைங்க ஓடிவர்ற மாதிரி இருக்கு" என்றாய். அந்த ஒரு வார்த்தைக்கு மயங்கி, அ முதல் எல்லா எழுத்தையும் சார்ட் சார்ட்டாக எழுதிக் கொடுத்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் எழுதினேன். என் எழுத்து கம்ப்யூட்டரில் வரப்போகிறது என்று பெருமையாகவும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நீ அதற்கு 'அண்ணி' என்று பெயர் வைத்து, யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம், இலவசம் என்று இன்டர்நெட்டில் அவிழ்த்துவிட்டாய்.

இப்போது பேராவூரணியில் பிளெக்ஸ் கடைக்காரன், "அண்ணி போடவா, பட்டை எழுத்து போடவா?" என்று கேட்கிறானாம். பரோட்டாக் கடையில் நான். டெய்லர் கடையில் நான். மஞ்சள் நீராட்டு விழாவில் நான். போன வாரம் கண்ணீர் அஞ்சலி பேனர்கூட என் எழுத்தில்தான். பார்த்தால் அந்த மனுஷர் செத்துப்போன மாதிரியே இல்லை, கொடைக்கானலுக்குக் கிளம்பின மாதிரி இருந்தது. இதையெல்லாம் நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆனால் ரெத்தினம் அத்தான் மனை போட்டிருக்கும் இடம் உனக்குத் தெரியும். நண்டோடை வடிகாலை ஒட்டின மேடு. அந்த மனைகளுக்கு ரோடு வேண்டும் என்று வடிகாலுக்குக் குறுக்கே லாரி லாரியாகச் செம்மண் கொட்டி மூடிவிட்டார். குழாய் பதிப்பேன் என்கிறார். இதுவரை பதிக்கவில்லை. ஐப்பசி மழைக்கு நம் மூணு மா வயல், கீழத்தெரு, அங்கன்வாடி எல்லாத் தண்ணீரும் வடிகிற ஒரே வழி அதுதான்.

நேற்று கீழத்தெரு கண்ணாத்தாள் வந்தாள். நடவுக்கும் களைக்கும் போகிறவள். அவள் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சேர்த்து வைத்ததை மனைக்கு முன்பணமாகக் கொடுத்துவிட்டானாம். "ஏன்டி கண்ணாத்தா, வடிகால மூடிப் போட்ட மனையப் போயி வாங்குவாங்களா?" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"என்ன டீச்சர் இப்புடி சொல்றீங்க? நீங்கதானே வாங்கன்னு எழுதிருக்கீங்க. டீச்சரே சொல்லிருக்காங்கன்னுதான் எம்மவன் குடுத்தான்."

"அது நான் எழுதல. அது கம்ப்யூட்டரு."

"எனக்குப் படிக்கத் தெரியாதுதான். ஆனா ஒங்க எழுத்தப் பாக்கத் தெரியாதா? தெனம் பேரப்புள்ளய விட வர்றப்ப அந்தச் செவுத்தத்தானே பாக்குறேன்."

நான் சொல்லாத வார்த்தையை என் கை போய் அவளிடம் சொல்லியிருக்கிறது. அந்த எழுத்தை உடனே திரும்ப எடு. நாளைக்கே எடு.

செந்தாமரை


பெங்களூர்,
17.9.2024

அண்ணி,

கடிதம் வந்தது. உறையின் மேல் உங்கள் எழுத்தைப் பார்த்ததும் அதிரசம் ஏதாவது அனுப்பியிருக்கிறீர்களோ என்று நினைத்தேன். பிரித்தால் அடி.

முதலில் ஒன்று. வெளியே விட்ட எழுத்துருவைத் திரும்ப எடுக்க முடியாது. நான் தளத்திலிருந்து நீக்கலாம். ஆனால் இதுவரை இறக்கியவர்களுடைய கம்ப்யூட்டருக்குள் போய் நான் எப்படிப் பிடுங்குவது? பாத்திரத்தில் இருந்த தண்ணீரை வாய்க்காலில் ஊற்றின பிறகு இது என் தண்ணீர், இது உன் தண்ணீர் என்று பிரிக்க முடியுமா?

இன்னொன்று. இந்த மாதிரிப் பிரஷ் எழுத்து எதற்கு என்று யாராவது கேட்டால், நாலு வார்த்தையைப் பெரிதாகச் சொல்வதற்கு என்பேன். கடைப் பெயர், ஊறுகாய் பாட்டில், பால் பாக்கெட், திருவிழா. பக்கம் பக்கமாகப் படிக்க ஆகாது, கண் வலிக்கும். அச்செழுத்து சட்டையை இன் பண்ணிக்கொண்டு விறைப்பாக நிற்கும். இது கைலியோடு வாசலுக்கு வந்து 'வாங்க, சாப்பிட்டீங்களா' என்று கேட்கும். தெரிந்தவர் யாரோ எழுதின மாதிரி இருப்பதால்தான் எல்லோரும் நம்புகிறார்கள், விரும்புகிறார்கள். அது உங்கள் கையின் குணம். அதற்காகத்தான் நான் ஆசைப்பட்டேன்.

உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, எல்லா எழுத்தையும் நீங்கள் சார்ட்டில் எழுதித் தந்தும், ழ மட்டும் எனக்குத் திருப்தியாக இல்லை. அதைச் சுவரிலிருந்து எடுத்தேன். 'குழந்தைகளே, வாங்க சாப்பிடலாம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ழ. அதன் வால் வளைகிற இடத்தில் சுவர்ப் பூச்சு பெயர்ந்து பிரஷ் தாவியிருக்கும். அந்த இடைவெளியை நான் அடைக்கவில்லை. அப்படியே விட்டேன். எங்கள் ஆபீசில் அதைப் பார்த்துவிட்டு எல்லோரும் கொண்டாடினார்கள்.

ரெத்தினம் அண்ணன் விஷயத்துக்குக் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு வாங்குவார்கள். போய்க் கொடுங்கள். ஒரு பேனருக்காக எழுத்தையே அழிக்கச் சொல்வது பெரிய வார்த்தை அண்ணி. ஆறு மாதம் கண் எரிய உட்கார்ந்து செய்தது.

சித்தப்பா சொன்னேன் என்று தமிழ்நிலாவைப் படிக்கச் சொல்லுங்கள். பிளஸ் டூ விளையாட்டு இல்லை.

சேரன்


பூங்கோட்டகம்,
6.10.2024

சேரனுக்கு,

மனு கொடுத்தேன். ரசீது கொடுத்தார்கள். யாரும் வந்து பார்க்கவில்லை. நடவு முடிந்து பயிர் பச்சை பிடிக்கிற நேரம். வானம் தினமும் கறுக்கிறது, கலைகிறது. ராத்திரி ஓட்டின் மேல் ஒரு சொட்டு விழுந்தாலும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

இப்போது புது வினை. போன செவ்வாய்க்கிழமை காலையில் ஊர் விழித்துப் பார்த்தால் ரேஷன் கடைச் சுவர், பால் சொசைட்டி, பஸ் நிறுத்தம், ரெத்தினம் அத்தான் வீட்டு மதில் என்று எங்கே பார்த்தாலும் சார்ட் பேப்பரில் போஸ்டர். "மழை பெய்தால் இந்தத் தண்ணீர் எங்கே போகும்? வடிகாலை மூடி மனை போடுகிறார்கள். வாங்குகிறவர்கள் யோசியுங்கள்." கீழே பெயர் இல்லை. எழுத்து என் எழுத்து.

ஊரே என்னைத்தான் சொல்கிறது. அத்தான் நம் வீட்டு வாசலில் வந்து நின்று, "எங்க வீட்டுக்கு வாழ வந்த பொண்ணு எம்மதில்லயே ஒட்டிருக்கு, நல்லாருக்கும்மா, நல்லாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். உரக்கக் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்றைக்கே என் ஆபீசுக்குப் புகார் போய்விட்டது. அரசாங்க வேலையில் இருந்துகொண்டு ஊருக்குள் கலகம் செய்கிறேனாம். மெமோ வந்திருக்கிறது. இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி அதிகாரி அங்கன்வாடிக்கே வந்து விசாரிக்கப் போகிறார். எழுதியது நான்தான் என்று ஆகிவிட்டால் வேலை போனாலும் போகலாம்.

உங்க அண்ணன் குவைத்திலிருந்து கூப்பிட்டு, "ஒனக்கு எதுக்குடி ஊர் வம்பு?" என்று கேட்டதோடு சரி. அதற்கப்புறம் தமிழ்நிலாவோடு மட்டும்தான் பேசுகிறார்.

நீ ஒன்று செய்ய வேண்டும். இந்த எழுத்தைச் செய்தவன் நீ. இது இன்டர்நெட்டில் யாருக்கும் கிடைக்கும், எவன் வேண்டுமானாலும் இதில் அடித்து ஒட்டலாம், ஆகையால் எழுத்தைப் பார்த்து ஆளைச் சொல்ல முடியாது என்று உன் கம்பெனி முத்திரை போட்ட தாளில் எழுதி அனுப்பு. உன் ஒரு தாளில் என் வேலை இருக்கிறது. போஸ்டரின் போட்டோவைப் பிரின்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன்.

அந்த வேலை எனக்கு உங்க வீட்டால் கிடைத்ததில்லை. கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போய் நானாக வாங்கினது. சீக்கிரம் அனுப்பு.

செந்தாமரை


பெங்களூர்,
11.10.2024

அண்ணி,

காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நாளாக உட்காருகிறேன், எழுந்துவிடுகிறேன். நேரடியாகவே எழுதிவிடுகிறேன்.

நீங்கள் அனுப்பின போட்டோவில் 'மழை' என்று இருக்கிறதே, அந்த ழ முழுசாக இருக்கிறது. வால் எங்கேயும் விடுபடவில்லை. என் எழுத்துருவில் ழ எப்போதும் உடைந்துதான் இருக்கும். ஆயிரம் தடவை அடித்தாலும் அதே இடத்தில் அதே உடைசல். பேனரில் இருக்கிற 'வாழலாம்' என்பதைப் போய்ப் பாருங்கள், தெரியும். போஸ்டரில் ஒரு த மாதிரி இன்னொரு த இல்லை. ஒரு ண கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, இன்னொன்று நிமிர்ந்திருக்கிறது. கம்ப்யூட்டருக்கு அப்படிச் சாயத் தெரியாது. அதைக் கையால்தான் எழுதியிருக்கிறார்கள்.

ரெத்தினம் அண்ணன் நேற்று எனக்குப் போன் செய்தார். அவர் குரல் உங்களுக்குத் தெரியுமே, கரும்புச் சாறு. "தம்பி, இது ஒன் ஃபான்ட்டா, கையெழுத்தா? ஒனக்கு ஒரு பார்வை போதும். கையெழுத்துன்னா ஒரு வரி எழுதிக் குடு. ஒங்கண்ணிய நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். கண்டிச்சு விட்டாப் போதும்னுதான் சொல்லுவேன்." அப்புறம் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆக, நீங்கள் இரண்டு பேரும் என்னிடம் கேட்பது ஒரு தாள்தான். உங்களுக்கு வேண்டியது பொய். அவருக்கு வேண்டியது உண்மை. எனக்கு இது பிடிக்கவே இல்லை அண்ணி. ஒன்பதாம் வகுப்பில் நான் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டபோது அப்பாவிடம் எனக்காகப் பொய் சொன்னது நீங்கள்தான். அதையும் மறக்கவில்லை.

எழுதினது நீங்களா? எனக்கு மட்டும் சொல்லுங்கள்.

சேரன்


பூங்கோட்டகம்,
15.10.2024

சேரன்,

நான்தான் எழுதினேன்.

பிள்ளைகள் மத்தியானம் தூங்குகிற நேரத்தில், அங்கன்வாடிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, சுவருக்கு எழுதின அதே பிரஷ்ஷால் எழுதினேன். இதில் ஒரு கூத்து கேள். ஒருவேளை பிடிபட்டால் கம்ப்யூட்டர் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று, பேனரைப் பார்த்துப் பார்த்து, என் எழுத்தை நானே காப்பி அடித்தேன். என் கையே எனக்குப் பிடிபடவில்லை. பேனரில் இருப்பது போல ஒரே மாதிரி வரவேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினால், கை தன் இஷ்டத்துக்குத்தான் போனது. ழ உடைந்திருப்பதை நீ முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். உன் மேல் இருந்த ஆத்திரத்தில் அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விட்டேன். படித்திருந்தாலும் என்ன? சுவர் பெயர்ந்தது என் கைக்கு எப்படித் தெரியும்? என் கை அன்றைக்கும் முழுசாகத்தான் எழுதியது.

கீழத்தெருவில் கண்ணாத்தாளைப் பார்த்து இன்னும் இரண்டு குடும்பம் மனைக்குப் பேச ஆரம்பித்திருந்தார்கள். ஆளாளுக்குப் போய்ச் சொல்லிப் பார்த்தேன். "பேனர்ல ஒண்ணு எழுதுறீங்க, வாயில ஒண்ணு சொல்றீங்க" என்றார்கள். பின்னே நான் என்ன செய்ய? தெரிந்தவர் எழுதின மாதிரி இருப்பதால்தான் நம்புகிறார்கள் என்று நீயே பெருமையாக எழுதியிருந்தாய். அந்த நம்பிக்கையை எடுத்துக்கொண்டு போய் வடிகாலை மூடி விற்கிறார்கள். அந்த எழுத்துக்கு அதே எழுத்தால்தான் பதில் சொல்ல முடிந்தது.

நீ 'எழுதினது நீங்களா' என்று கேட்டாய். ரெத்தினம் அத்தானும் அதைத்தான் கேட்கிறார். ஆபீசும் அதைத்தான் கேட்கிறது, உங்க அண்ணனும் அதைத்தான் கேட்கிறார். தண்ணீர் எங்கே போகும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நீயாவது கேட்பாய் என்று நினைத்தேன்.

நேற்றிலிருந்து மழை. பயிர் நுனி மட்டும் தெரிகிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது, சேரன். ரோஷமாகப் பேசிவிட்டேனே தவிர, வேலை போய்விட்டால் இந்த ஊரில் நான் டீச்சர் இல்லை, ராஜ்குமார் பெண்டாட்டி, அவ்வளவுதான். அந்தத் தாளை எழுதிக் கொடு. பொய்தான். தெரிந்துதான் கேட்கிறேன். கொடு.

செந்தாமரை


பெங்களூர்,
19.10.2024

அண்ணி,

இதோ நீங்கள் கேட்டது, கம்பெனித் தாளில், என் கையெழுத்தோடு. "இந்தப் போஸ்டர் 'அண்ணி' என்னும் எழுத்துருவில் யாரோ அச்சிட்டது. தனி ஒருவருடைய கையெழுத்து என்று சொல்ல முடியாது." இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

இன்னொரு வேலையும் செய்திருக்கிறேன். எழுத்துருவைத் திறந்து ழவின் உடைசலை அடைத்துவிட்டேன். ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு மூன்று வடிவம் சேர்த்திருக்கிறேன். இனிமேல் அடித்தால் கையால் எழுதின மாதிரியே மாறி மாறி வரும். பழைய பதிப்பைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டேன். இனி இரண்டையும் பக்கத்தில் வைத்தாலும் யாராலும் பிடிக்க முடியாது. எது உங்கள் கை, எது கம்ப்யூட்டர் என்று எனக்கே தெரியாது.

ரெத்தினம் அண்ணன் மறுபடி கூப்பிட்டார். எடுக்கவில்லை.

தண்ணீர் எங்கே போகிறது, அண்ணி? கேட்டிருக்க வேண்டும். நம் வயல் மட்டத்தை விடக் கீழத்தெரு பள்ளமாயிற்றே. சாப்பிடப் போனால் இங்கே தமிழ் மெஸ் போர்டில் உங்கள் எழுத்து. அதைப் பார்த்துவிட்டு உள்ளே போகாமல் திரும்பி வந்துவிட்டேன்.

விசாரணை முடிந்ததும் என்ன ஆனாலும் எழுதுங்கள்.

சேரன்


பூங்கோட்டகம்,
3.11.2024

அன்புள்ள தம்பி சேரனுக்கு,

தீபாவளிக்கு நீ வரவில்லை. வந்திருந்தாலும் வாசலில் இறங்க இடம் இருந்திருக்காது. இன்றுதான் முற்றம் காய்கிறது, உட்கார்ந்து எழுதுகிறேன்.

இருபத்தெட்டாம் தேதி அதிகாரி அம்மா குடையோடு வந்தார். அங்கன்வாடிப் படி வரைக்கும் தண்ணீர். பிள்ளைகளை வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ஆனால் பிள்ளைகளைத் தவிர ஊரே வந்திருந்தது. உன் தாள் என் பையில் பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அதிகாரி அம்மா போஸ்டரை மேஜை மேல் விரித்தார். "இது நீங்க எழுதினதாம்மா?" நான் வாயைத் திறக்கும் முன் ரெத்தினம் அத்தான் எழுந்தார்.

"அம்மா, டீச்சர் மேல எனக்கு ஒண்ணும் விரோதம் இல்ல. எங்க வீட்டுப் பொண்ணு. இது நான் எழுதலன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லட்டும், நான் இப்பவே புகார வாபஸ் வாங்கிக்கிறேன். வேண்டாதவன் எவனோ கம்ப்யூட்டர்ல அடிச்சு ஒட்டிருக்கான். தனி ஒருத்தர் கையெழுத்துன்னு சொல்ல முடியாதுல்ல. அது ஊருக்குத் தெரிஞ்சாப் போதும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உன் தாளில் இருந்த அதே வார்த்தை. நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கேட்டு வாங்கின பொய்தான் அவருக்கும் வேண்டியிருந்தது. முதலில் என்னைப் பிடிக்கப் பார்த்தவர், போஸ்டருக்கு அப்புறம் மனை கேட்டு யாரும் வரவில்லை என்றதும் கணக்கை மாற்றிக்கொண்டுவிட்டார். நான் எழுதவில்லை என்றால் அது யாரோ ஒரு வேண்டாதவன் எழுதினது. யாரோ கேட்ட கேள்விக்கு யார் பதில் சொல்வார்கள்? பேனரில் இருக்கிற 'வாங்க' மட்டும் டீச்சர் எழுதினதாகவே நிற்கும்.

அந்த நேரம் பார்த்துக் கண்ணாத்தாள் உள்ளே வந்தாள். தலையிலிருந்து முதுகு வரைக்கும் ஒரு பிளெக்ஸைப் போர்த்திக்கொண்டு வந்தாள். காற்றில் கிழிந்து விழுந்த பேனரை எடுத்து, மழைக்கு மறைப்பாக வைத்திருக்கிறாள். எல்லோரும் செய்கிறதுதான். அவள் திரும்பினாள், முதுகில் 'வாழலாம்' என்று இருந்தது. அவள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர், சேரன். அரிசி மூட்டையைத் தூளியில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

எனக்கு அப்புறம் பயம் இல்லை. கோபம்கூட இல்லை. அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

"அம்மா, இந்தப் போஸ்டர் நான் எழுதினது" என்றேன். "இந்தப் பேனர் நான் எழுதாதது."

அத்தான் சிரித்தார். "ரெண்டும் ஒரே எழுத்தாத்தானம்மா இருக்கு."

கண்ணாத்தாள் முதுகிலிருந்து பிளெக்ஸை வாங்கி மேஜை மேல் போஸ்டருக்குப் பக்கத்தில் போட்டேன். தண்ணீர் சொட்டியது. "ழவப் பாருங்க" என்றேன். நீ எழுதினதையெல்லாம் சொன்னேன். அங்கன்வாடிச் சுவரில் பெயர்ந்த இடத்தைக் காட்டினேன். அதிகாரி அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். அவருக்கு முன்னால் கண்ணாத்தாள் விரலை வைத்துவிட்டாள். பேனர் மேல் ஒரு இழுப்பு, போஸ்டர் மேல் ஒரு இழுப்பு.

"இது ஒடஞ்சிருக்கு. இது ஒடையல" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அப்ப நீங்க வாங்கன்னு சொல்லவே இல்லியா டீச்சர்?"

"இல்லடி. தண்ணி எங்க போவும்னுதான் கேட்டேன்."

அவள் அழுதாள். நானும் அழுதேன். அதிகாரி அம்மா எங்களை நிறுத்தச் சொல்லவில்லை. வெளியே போய்ப் படியில் நின்று, மண் கொட்டின ரோட்டையும் அதற்கு இந்தப் பக்கம் தேங்கின தண்ணீரையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பற்றி அவர் எழுதுவாரா என்று எனக்குத் தெரியாது. அவர் வேலை என்னைப் பற்றி எழுதுவது.

எழுதிவிட்டார். எனக்கு இடமாற்றம். கடற்கரைப் பக்கம் ஒரு ஊர், காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். வேலை போகவில்லை என்று தமிழ்நிலா குதித்தாள். உங்க அண்ணன் நேற்று என்னைக் கூப்பிட்டார். "பஸ்ஸுல உக்கார எடம் கெடைக்குமா?" என்று கேட்டார். அவருக்கு அவ்வளவுதான் வரும்.

விசாரணை முடிந்த கையோடு கீழத்தெரு ஆட்கள் மண்வெட்டியோடு போய் அந்த ரோட்டின் குறுக்கே தண்ணீர் ஓட ஒரு வாய் வெட்டிவிட்டார்கள். ரெத்தினம் அத்தான் மதில் ஓரத்தில் நின்று பார்த்தார். தடுக்கவில்லை. மனைக்குப் பேசின இரண்டு குடும்பமும் விலகிவிட்டது. கண்ணாத்தாள் மகன் முன்பணத்தைக் கேட்டு நடக்கிறான். வரும் என்று சொல்ல முடியாது. நம் வயலில் பாதி அழுகிவிட்டது. மீதியைப் பார்க்கலாம்.

உன் தாளை அடுப்பில் போட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. எனக்காக நீ பொய் எழுதினாய் என்பதை மட்டும் வைத்துக்கொண்டேன்.

இப்போது ஒன்று கேட்கிறேன். எழுத்தைத் திரும்ப எடு என்று இனி சொல்ல மாட்டேன். பரோட்டாக் கடையும் டெய்லர் கடையும் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ழவை நீ அடைத்துவிட்டதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாளைக்கு இன்னொருத்தன் இன்னொரு வடிகாலை மூடிவிட்டு என் எழுத்தில் வாங்க என்று கூப்பிடுவான். அப்போது கண்ணாத்தாள் எதன் மேல் விரலை வைத்துப் பார்ப்பாள்?

புது ஊரிலும் சுவர் இருக்கிறதாம், வெள்ளை அடித்துத் தயாராக வைத்திருக்கிறார்களாம். முழு ழவை அங்கே நான் எழுதிக்கொள்கிறேன்.

நீ அதை மறுபடியும் உடைத்துவிடு, தம்பி.

அண்ணி